நீலமுள் காளான் இருக்கும் இடம்

அந்தக் காபிக் குடுவை என்னுடையதுதான். மூடியின் உள்பக்கம் என் பெயரை எழுதி ஒட்டியிருப்பேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன் நான்; பெயர் ஒட்டாத பொருள் என் வீட்டில் கிடையாது. இப்படிப் போலீஸ் பையில் போட்டு மேசைமேல் வைத்திருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன்.

முதலில் எங்கள் வேலை உங்களுக்குப் புரிய வேண்டும். காட்டில் காளானைக் கண்டவர் யாராக இருந்தாலும் படமெடுத்து, இடத்தையும் குறித்து, நாட்டுக்கே பொதுவான இணையப் பதிவேட்டில் போடலாம். பல் வைத்தியர் போடலாம், பஸ் ஓட்டுகிறவர் போடலாம். அது சரிதானா என்று பார்த்து ஏற்றுக்கொள்ள மாவட்டத்துக்கு ஒருவர் உண்டு. எங்கள் யேம்த்லாந்து மாவட்டத்தில் பன்னிரண்டு வருடமாக அது நான்தான். சம்பளம் கிடையாது. நான் ஏற்கும்வரை பதிவு வெளியே தெரியாது. அரிய காளான் என்றால் ஏற்ற பிறகும் ஊருக்குக் காட்டுவது ஒரு பெரிய சதுரம் மட்டும். சரியான புள்ளி கண்டவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று உங்கள் முகம் கேட்கிறது. எனக்கு மனிதர்களைத் தெரியும், அதனால்தான். நீலமுள் காளான் எங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு சரிவில் முளைக்கிறது. இந்த அறையைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவே. பாசிக்கு அடியில் நூல் நூலாக ஓடுவதுதான் அதன் உயிர். ஈரத் தரையில் நாலு பேர் மிதித்தால் போயிற்று. அந்த இடத்தை என்னிடமிருந்து கறக்க, ஆராய்ச்சி மாணவன் என்று ஒருவன் வந்தான். நாயைத் தொலைத்துவிட்டேன் என்று ஒருத்தி அழுதாள். மரம் வெட்டும் கம்பெனிக்காரன் கேக்கோடு வந்தான். கேக்கை வாங்கிக்கொண்டேன்.

குன்வோருக்கு மட்டும் தெரியும். கண்டுபிடித்ததே அவள்தான். ஓய்வுபெற்ற தபால்காரி, வருடா வருடம் போய் எண்ணிவிட்டு வருவாள். "பாதிரியாரே, உன் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். சாமி சௌக்கியமா இருக்கு," என்று, அந்தச் சரிவை நான் கட்டிக் காப்பதைக் கேலி செய்து போனில் சிரிப்பாள். அவளை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு அவள் பதிவு வந்தது. பதினான்கு காளான்கள். அன்று அவள் வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை தீயணைப்பு நிலையத்தில் தேடுவதற்கு அறுபது பேர் கூடிவிட்டார்கள். அவள் மகள் மாய் நேராக என்னிடம் வந்தாள்.

"ஆர்வித், அம்மா எங்க போறாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடமாட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. நேத்து ஏதாவது பதிவு போட்டாங்களா?"

அழுத கண்தான். நாயைத் தொலைத்தவளும்தான் அழுதாள்.

"நேத்து தேதியில நான் ஏத்துக்கிட்ட பதிவு எதுவும் இல்லம்மா," என்றேன். உண்மைதான், நான் இன்னும் ஏற்கவில்லை. ஏரிக்கு வடக்கே அவள் மஞ்சள் காளான் பறிப்பாள் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. அறுபது பேரும் வரிசை கட்டி வடக்கே போனார்கள். அவர்கள் போன வழியில் பாசியைப் பார்த்தீர்களா? உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது.

மதியம் நான் தனியாகத் தெற்கே போனேன். யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்று காரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தினேன். சரிவுக்குக் கீழே பள்ளத்தில் கிடந்தாள். போன் பாறையில் விழுந்து நொறுங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வந்துட்டியா பாதிரியாரே! எனக்குத் தெரியும்யா, புள்ளி உன்கிட்டதானே இருக்கு. இடுப்பு போச்சுன்னு நினைக்கிறேன். மரம் மாதிரி நிக்காம ஆளுங்களைக் கூட்டிட்டு வா."

"உன்னைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

"நான் என்ன தபால் கவரா, பையில போட்டுக்கிட்டுப் போக? ஆறு பேராவது வேணும்."

ஆறு பேர், ஒரு தூக்குப்படுக்கை. பள்ளத்துக்கு இறங்க ஒரே வழி, அந்தப் பதினான்கின் நடுவே. மறுபக்கம் செங்குத்துப் பாறை. வேறு வழி உண்டா என்று உண்மையாகவே தேடினேன், அரை மணி நேரம். ஹெலிகாப்டர் என்பீர்கள். அதன் காற்றுக்குப் பாசி பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

குடுவையை அவள் கையில் கொடுத்தேன். கோட்டையும் கேட்டாள். வெறும் சட்டையோடு திரும்பினால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள், அதனால் கொடுக்கவில்லை.

"ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்," என்றேன்.

"என் பதிவை ஏத்துக்கிட்டியா?"

"ஏத்துக்கிட்டேன்."

ஏற்கவில்லை. அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு வருந்துகிறேன்.

திங்கள் இரவிலிருந்து உறைபனி என்று வானிலை அறிக்கையில் சொல்லியிருந்தார்கள். தரை இறுகிவிட்டால் எத்தனை பேர் மிதித்தாலும் அடியில் இருக்கும் நூலுக்குச் சேதமில்லை. திங்களும் செவ்வாயும் நான் வீட்டை விட்டு நகரவில்லை. மாய் ஐந்து முறை போன் செய்தாள். ஐந்து முறையும் பொறுமையாகப் பேசினேன். புதன் காலை தோட்டத்தில் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. உடனே உங்களுக்குத்தான் சொன்னேன்.

அம்மாவை நம்ப வைத்து ஏமாற்றிவிட்டேன் என்கிறாள் மாய். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சொன்னபடி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போனேன், ஒருவர்கூடக் குறையவில்லை.