அர்லீன் கார் பழகின பத்தொன்பது நாள்

— கிளட்சை ஏன் இப்படிப் பட்டுனு விடுற? அணைஞ்சு போச்சு பாரு மறுபடியும்!

— கத்தாத டெல்மர். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

— இன்னிக்கு இது நாலாவது தடவை, அம்மணி. சோளக்காட்டுல இருக்கிற காக்காயெல்லாம் நம்மளப் பாத்துச் சிரிக்குது.

— சிரிச்சுட்டுப் போகட்டும். இது காரா, கழுதையா? ஊரெல்லாம் ஆட்டோமேட்டிக் ஓட்டுது, எவ வீட்டுக் காருக்கு இன்னும் கிளட்ச் இருக்கு?

— கழுதையா? எழுபதாம் வருஷத்துச் செவெல் கார்டி இது! கம்பெனி போட்ட இன்ஜினைக் கழட்டிக் கடாசிட்டு நானூத்தி அம்பத்தி நாலு கியூபிக் இன்ச் இன்ஜினை இறக்கியிருக்கேன். கார்பரேட்டர் உள்ள அடங்கலன்னு பானெட்டையே வெட்டினவன் நான்.

— தெரியாதா எனக்கு? ஆறு மாசம் சாப்பாட்டு மேஜையில இன்ஜினைப் பரப்பி வெச்சிருந்தியே. அந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் வான்கோழியைத் தட்டோட மடியில வெச்சுத் தின்னோம்.

— சாவியைத் திருப்பு. ம்... கேக்குதா? நொண்டி நொண்டித் தடதடக்குது பாரு. நின்ன இடத்துல நிக்கப் பிடிக்காது இதுக்கு.

— உனக்கும்தான் பிடிக்காம இருந்துச்சு.

— அர்லீன்.

— சும்மா சொன்னேன். உன் கை சீட்டை விட்டு நழுவுது பாரு. எடுத்து மடியில வைக்கட்டுமா?

— வை. பெல்ட்டையும் கொஞ்சம் இறுக்கு. வெண்டல் தூக்கி உக்கார வெச்சப்ப சரியாப் போடல. பக்கத்து வீட்டுக்காரன், அவனைக் குறை சொல்லவும் முடியல.

— இரு, வாயோரம் துடைச்சு விடறேன்.

— பாடம் நடக்குறப்ப வாத்தியாரைத் துடைக்கக் கூடாது.

— துரைக்குக் கோபம் வந்துருச்சு. முகத்தைக் காட்டு.

— சரி, முதல் கியர். மெதுவா. காலையில அடுப்பு கிட்ட முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, பாத்தேன்.

— வயசாச்சு. முதுகு வலிக்காம?

— வயசு இல்ல. நூத்தித் தொண்ணூறு பவுண்டு எடையில ஒரு புருஷன். செவ்வாய்க்கிழமை என்னைத் தூக்கப் போய், குளியலறையில ரெண்டு பேரும் விழுந்தோம். ரெண்டு மணி நேரம் தரையில கிடந்தோம்.

— நல்லாத்தான் பேசிக்கிட்டு கிடந்தோம்.

— முடியாதவங்களைப் பாத்துக்கிற ஹோம்ல ஆளைத் தூக்கறதுக்கே மெஷின் இருக்கு, அர்லீன்.

— ஹோம் பேச்சு இப்ப எதுக்கு? நீதானே சொன்ன? தண்ணித்தொட்டி வரைக்கும் நான் இந்தக் காரை அணைக்காம ஓட்டிக் காட்டுற அன்னிக்குத்தான் அங்க போய்ச் சேருவேன்னு. அதுவரைக்கும் அந்தப் பேச்சே கூடாதுன்னு.

— சொன்னேன். ஓடாத இன்ஜின் துருப்பிடிச்சுப் போயிரும். நான் வீட்ல இல்லாதப்ப நீ ஓட்டணும், அதுக்காகச் சொன்னேன்.

— எனக்குத்தான் வர மாட்டேங்குதே, என்ன பண்ணச் சொல்ற? அய்யோ, பாரு, மறுபடியும் நின்னு போச்சு.

— அஞ்சு.

— கால் எட்டல.

— எட்டுது.

— பெடல் கல்லு மாதிரி இருக்கு, டெல்மர்.

— உன் அண்ணன் காலையில ஃபோன் பண்ணான். வெண்டல்தான் காதுல வெச்சுப் பிடிச்சுக்கிட்டான்.

— கர்ட்டா? என்னவாம்?

— உனக்குக் கிளட்ச் சொல்லித்தரேன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான். உங்க அப்பாவோட கோதுமை லாரியை, முழு லோடு ஏத்தி, பன்னண்டு வயசுலயே டவுனுக்குத் தனியா ஓட்டிக்கிட்டுப் போனவளாமே நீ.

— ம்.

— நாப்பத்தோரு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னியா?

— நீ கேட்டியா? இந்தக் கார்ல ஸ்டீயரிங்கைத் தொட விட்டிருக்கியா ஒரு நாள்?

— இல்ல. அது என் தப்பு.

— நாளைக்கு ஓட்டறேன் டெல்மர். நாளைக்கு நிஜமா ஓட்டறேன்.

— பத்தொன்பது நாளா இதைத்தான் சொல்ற.

— இருபதாகட்டுமே. பனி விழற வரைக்கும் போகட்டுமே. உனக்கு என்ன அவசரம்?

— உன் முதுகுக்கு அவசரம். அழாத. ரோடு தெரியாது.

— அழல.

— சரி, அழல. கிளட்சை மிதி. உனக்குத் தெரிஞ்ச மாதிரி எடு.

— ம்.

— அடேயப்பா! ரெண்டு போட்டதே தெரியல. மூணு. இன்னும் கொஞ்சம் அழுத்து. அப்படித்தான். நான்கூட இவ்வளவு பதமா எடுத்ததில்ல இதை.

— போதும், தண்ணித்தொட்டி வந்துருச்சு. அடுப்புல சூப் இருக்கு. இங்கயே திருப்பிடறேன்.

— திருப்பாத.

— ஏன்?

— ஹோமுக்கு இந்த ரோடுதான். இன்னிக்கு மூணு மணிக்கு எனக்குக் கட்டில் தர்றதாச் சொல்லிட்டாங்க. என் துணியெல்லாம் வெண்டல் காலையிலேயே டிக்கியில வெச்சுட்டான். நேராப் போ, அம்மணி.