பன்னிரண்டு டிகிரி அறை

இந்த ஜன்னலோரத் தொட்டிக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வேர் அழுகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. நீங்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிவு செய்யும் கருவியை என் பக்கம் நகர்த்தினீர்கள். இன்றைய முதல் பேச்சே உங்கள் காவல் நிலையச் செடியைப் பற்றிய குறையாக இருக்க வேண்டாம் என்று பட்டது.

ஆனால் செடியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். என் வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பார்க்கட்டும்.

என் கணவர் உர்ப்போ நாற்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். எங்கள் ஊர் ரௌமா துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டால் மூன்று வாரம் இருப்பார், மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருமுறை பெருவிலிருந்து ஒரு தீப்பெட்டி நிறைய கறுப்பு விதைகள் கொண்டுவந்தார். மலை மிளகாய், ரொக்கோட்டோ என்று பெயர். "முளைச்சா முளைக்கட்டும், இல்லன்னா பறவைக்குப் போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முளைத்தது. அவர் திரும்பி வந்தபோது செடி என் தோள் உயரம். ஒரு பழத்தை நறுக்கிப் பட்டாணி சூப்பில் போட்டு, கழுத்தெல்லாம் வேர்க்க வேர்க்கத் தின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் விதை வந்தது. விதை கொண்டுவருவது அவர், குளிர்காலத்தைப் பார்த்துக்கொள்வது நான். எங்கள் கல்யாணத்தை யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன்.

மிளகாய் ஒரு வருஷத்துச் செடி என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். முதல் உறைபனியில் கருகியதும் உரக்குழியில் வீசிவிடுகிறார்கள். அப்படி இல்லை. செப்டம்பர் கடைசியில் உள்ளே கொண்டுவர வேண்டும். பழமெல்லாம் பறித்துவிட்டு, தண்டு பிரியும் கவைக்குச் சற்று மேலே, ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு மட்டும் விட்டு வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். ஒரு இலைகூட இருக்கக் கூடாது, இலையில்தான் அசுவினிப் பூச்சி ஒளிந்துகொள்ளும். மண்ணை உதறி, வேரைக் குறைத்து, சின்னத் தொட்டிக்கு மாற்றி, பன்னிரண்டு டிகிரி குளிர் உள்ள இருட்டறையில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் குவளைத் தண்ணீர். பார்க்கிறவர்களுக்கு அது செத்த குச்சி. மார்ச்சில் வெளிச்சம் திரும்பியதும் அந்தக் குச்சி துளிர்க்கும். முப்பது வருஷத்தில் நான் இழந்த செடிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லாமே தண்ணீர் கூடிப்போய் இழந்தவை. இரக்கப்பட்டு ஊற்றியவை.

சமையலறைக்குப் பின்னால் உள்ள அந்த அறையை உர்ப்போதான் கட்டினார். வெப்பக்குழாய் கிடையாது, வடக்கே ஒரு சின்ன ஜன்னல்.

போன ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு கொஞ்சம் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சீர்பா என்ற செவிலி தினமும் காலையில் வந்தாள். நல்ல பெண், சத்தமான பெண்.

"என்ன உர்ப்போ, இன்னிக்கு ஓட்டப்பந்தயத்துக்குப் போலாமா?"

"நான் ரெடி. என் செருப்ப எங்க ஒளிச்சு வெச்சாள்னு மார்கெட்டாவக் கேளு" என்று என்னைக் காட்டுவார்.

நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இலையுதிர் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவரைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், சனிக்கிழமை சௌனா நீராவி அறையில் கீழ்ப்படியில் உட்கார வைத்து முதுகு தேய்த்தேன். நாற்பது வருஷத்தில் அவர் மூட்டை கட்டாமல் எங்கள் வீட்டில் இருந்தது அதுதான் முதல்முறை.

அக்டோபரில், நான் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்த அன்று, எங்கள் மகள் ஹெய்னி துர்க்கு நகரத்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது, நடக்கப் பழக்குவார்கள், ஜனவரியில் இடம் கிடைக்கும், அவள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம் என்றாள்.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்லம்மா. அப்பா தேறுற வரைக்கும். தேறினாலும் எங்க பக்கத்துலயே ஒரு சின்ன வீடு பாத்துக்கலாம். நீயும் வரலாம்."

"செடிகள?"

"அம்மா, அது மிளகாச் செடி."

நான் உர்ப்போவைப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். கப்பல் கிளம்பும் வாரத்தில் வரும் முகம். "போய்த்தான் பாப்பமே" என்றார்.

கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தேன்.

நவம்பரில் இருட்டு வந்ததும் அவர் சோர்ந்துபோனார். ஒவ்வொரு குளிர்காலமும் நிலத்தில் இருந்தால் அவர் அப்படித்தான். பேசவில்லை, சாப்பாட்டைத் தள்ளினார், சுவரைப் பார்த்துப் படுத்தார். இப்போது இவருக்குத் தேவை பயிற்சியும் சத்தமும் அல்ல, ஓய்வு என்று எனக்குத் தோன்றியது. அவருடைய கட்டிலைப் பின்னறைக்கு, தொட்டிகளுக்கு நடுவே நகர்த்தினேன். இரண்டு கம்பளி போர்த்தினேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இரண்டு கம்பளி.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முதலில் வானொலி, பிறகு செய்தித்தாள். சீர்பாவிடம், மகள் முன்னதாகவே துர்க்குவுக்கு அழைத்துப் போய்விட்டாள், இனி வர வேண்டாம் என்றேன். ஹெய்னியிடம், சீர்பா தினமும் வருகிறாள், கவலைப்படாதே என்றேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாள். எங்கள் இருவருக்கும் காய்ச்சல், உன் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்துவிட்டேன். ஜனவரி இடத்தையும் மார்ச் வரை தள்ளிவைக்கச் சொன்னேன்.

"அப்பாகிட்டக் குடும்மா, ரெண்டு வார்த்த பேசிக்கிறேன்."

"தூங்குறார்."

"எப்பப் பாத்தாலும் தூக்கமா? கரடியா அவரு?"

"குளிர்காலம் இல்லையா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்லாதீர்கள்.

உணவையும் குறைத்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி ஐந்து கரண்டி, மாலையில் அரைக் குவளை புளூபெரிச் சாறு. அவர் வேண்டாம் என்றுதான் தொடங்கினார். பிறகு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது அளவு பழகிவிட்டிருந்தது. எனக்குப் பழகிவிட்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

"செடிக்கு ஊத்துறப்ப எனக்கும் ஒரு வாய் ஊத்தேன், மார்கெட்டா" என்று ஒருநாள் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அவருக்கு எப்போதும் வேடிக்கைதான். நான் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். சமையலறைச் சூடு உள்ளே போகாமல் இருக்கக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி போட்டிருந்தேன். செடிகளுக்காகப் போட்ட கொக்கி அது, முந்தின வருஷமே போட்டது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அதை மாட்டும்போது என் கை எதை நினைத்து மாட்டியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி நீங்கள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

ஜனவரியில் சில நாள் வெயில் அடித்தது. அதுமாதிரி நாட்களில் செடி ஏமாந்துபோகும். வசந்தம் என்று நினைத்து வெளிறிய துளிர் விடும். வெளிச்சம் போதாமல் அது நூலாய் நீண்டு, வேரில் மிச்சம் இருப்பதை உறிஞ்சி, முழுச் செடியையும் கொன்றுவிடும். அதனால் ஜனவரித் துளிரைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். மனசு வராது, ஆனாலும் கிள்ள வேண்டும்.

பதினாறாம் தேதி மதியம் நான் உள்ளே போனபோது உர்ப்போ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் தூக்கிவிடவில்லை, தானாகவே எழுந்திருந்தார். வலது கை முழங்கால் மேல் இருந்தது, அதன் விரல்கள் அசைந்தன. ஒவ்வொன்றாக அசைத்து எனக்குக் காட்டினார், கப்பலிலிருந்து வந்து பரிசுப் பொருளைக் காட்டுவதுபோல.

"இங்க பாத்தியா. தானா வருது."

"படுத்துக்கோ."

"ஹெய்னிக்கு ஃபோன் போடு. இடம் இன்னும் இருக்கான்னு கேளு. ஊன்றுகோல எடு, நடந்து பாக்குறேன்." பேச்சில் துளிக் குழறலும் இல்லை. பழைய குரல்.

அவர் தலைக்குப் பின்னால் இருந்த ரொக்கோட்டோவில் இரண்டு கணுக்களில் வெள்ளைத் துளிர் விட்டிருந்தது. நான் குனிந்து அவற்றைக் கிள்ளி எடுத்தேன். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டேன். மூலை மேஜையில் சார்ஜ் தீர்ந்து கிடந்த அவருடைய கைபேசியையும் எடுத்துக்கொண்டேன். அவரைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். எடையே இல்லை. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"மார்கெட்டா" என்றார். "என்ன பண்ற நீ?"

"இன்னும் காலம் வரல, உர்ப்போ."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை நான் ஹெய்னியைக் கூப்பிட்டிருப்பேன். "ரொம்ப வருஷம் தனியா விட்டுட்டேன் உன்ன" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டாரா, புரிந்துகொண்டேன் என்று சொன்னாரா, தெரியாது. நான் வெளியே வந்து கொக்கியை மாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கஞ்சியை மூன்று கரண்டியாக்கினேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. நான்தான் உங்களுக்கு ஃபோன் செய்தேன். மருத்துவர் எழுதிய காரணங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன: குளிர், நீர் வற்றியது, நுரையீரல். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நீங்கள் தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டினீர்கள். நிதானமாக, நல்ல மொழியில் எழுதியிருக்கிறீர்கள். வக்கீல் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். நான் வயதானவள், களைத்திருந்தேன், வருஷக்கணக்கான பழக்கத்தில் கை தானாகச் செய்தது, கணவர் தேறிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை என்று. அந்த ஒரு வரி இருந்தால் நீதிமன்றம் வேறு மாதிரி பார்க்குமாம். ஹெய்னியும் அதைத்தான் நம்ப விரும்புகிறாளாம். நீங்களும் பேனாவை என் பக்கம் தள்ளி, "அப்படித்தானே நடந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

வேண்டாம். அந்த வரியைச் சேர்க்காதீர்கள், அது இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். மற்றதெல்லாம் இருக்கட்டும்.

முப்பது வருஷம் மிளகாய் வளர்த்தவள் நான். துளிரைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.