ராணி இறங்கும்வரை

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. தேன் எடுத்தால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா வேலை போக மிச்ச நேரத்துக்குத் தேனீ வளர்த்தேன், அவ்வளவுதான்.

ஐம்பத்தாறாம் வருடம் மெழுகுப் பூச்சி அரித்து என் பெட்டி காலியாகிவிட்டது. எட்டு மாதம் அப்படியே கிடந்தது. பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, எங்கிருந்தோ பிரிந்து வந்த ஒரு கூட்டம் பின்பக்கத்துப் புங்க மரத்தில் பலாப்பழம் போலத் தொங்கியது. எதிர்வீட்டு ஹயாத் பாஷாவைக் கூப்பிட்டேன். ஒருவர் கிளையை உலுக்க, ஒருவர் கீழே கூடை பிடிக்க வேண்டும்.

"இன்னா துளசி சார், போன வருசம் ஒண்ணு கொட்னதுக்கே எம்மூஞ்சி பூசணிக்கா ஆய்டுச்சு. யாரோன்னு சாயிரா கதவே தொறக்கல."

"பிரிஞ்சு வர்ற ஈ வயிறு முட்டத் தேன் குடிச்சிகினு வரும் பாய். கொட்டாது."

பெரும்பாலும் கொட்டாது. அதில் பொய் இல்லை. ஆனால் போன வருடம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். இன்னொரு தடவை கொட்டினால் மூச்சடைத்துவிடும், உடனே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். பாஷா அப்போது மயக்கத்தில் இருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சொன்னால் கூடை பிடிக்க வரமாட்டார் என்பதும் தெரியும்.

ஸ்டூலில் ஏறி உலுக்கினேன். முக்கால்வாசி கூடையில் விழுந்தது. ஒரே ஒரு ஈ அவர் கழுத்தில் கொட்டியது. கூடையைச் சாய்க்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

ராணி இன்னும் கிளையில்தான் இருந்தது. அது உள்ளே வராமல் நாம் நகர்ந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விடும். கூடையைக் கிளையோடு ஒட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி சைக்கிளில் ஐந்து நிமிடம்.

கொட்டியதும் உயிர் போய்விட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்தேன். பாஷாவின் மனைவி சாயிரா பானுவிடமும் அதையே சொன்னேன். "அவஸ்தப்படாம பூட்டாரே, அது போதும்ண்ணே" என்றார். அந்தக் கூட்டத்தின் முதல் தேனை அவருக்குத்தான் கொடுத்தனுப்பினேன். பாட்டிலைப் பளிச்சென்று கழுவித் திருப்பி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக என் வாசல் கதவை நான் திறப்பதில்லை. பின்வழியாகவே போய் வருகிறேன்.

உயிர் உடனே போகவில்லை. ராணி இறங்க அரை மணி ஆயிற்று. என் முதுகு அவர் பக்கம் இருந்தது, எதுவும் காதில் விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். விழுந்தது. மூன்று தடவை கூப்பிட்டார். முதல் இரண்டும் உரக்க. மூன்றாவது தடவை மெதுவாகத்தான் கூப்பிட்டார், ஈ கலைந்துவிடக் கூடாதென்று.