பூதம் போட்ட பல்செட்

"திருடியும் திருடிட்டு, கும்பிடு வேறயா?"

"திருட்டுன்னா திருப்பிக் குடுக்கக் கூடாது ரஸ்மின், நான்…"

"குடுத்தியா? சாம்பலைத்தானே குடுத்தே?"

"முழுசா சொல்ல விடேன்."

ஊர்த் தலைவரே, முதலில் காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நேற்று வருஷப்பிறப்பு மௌன நாள், ஊரில் யாரும் அடுப்பே மூட்டவில்லை. இன்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் நாள். அதனால் நானாகவே சொல்கிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். சுற்றுலாக் கடைகளுக்குத் தவளை பொம்மை வார்த்துக் கொடுக்கிறேன். மாதிரியின் மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றினால் அச்சு. அச்சுக்குள் ரெசினை ஊற்றினால் தவளை. ஓர் அச்சில் நூறு தவளை எடுக்கலாம். நல்ல அச்சை நான் எறிவதே இல்லை.

இந்த வருஷ ஊர்வலத்துக்குப் பையன்கள் மூங்கிலிலும் காகிதத்திலும் ஓகோ-ஓகோ பூதம் கட்டினார்கள் அல்லவா, அதற்கு நகமும் பல்லும் என் பொறுப்பு. நகம் சுலபம். பல்லுக்குக் களிமண்ணில் மாதிரி பிடித்துக் காட்டினேன்.

"கெர்த்தி அத்தை, பலாக்கொட்டை மாதிரி இருக்கு. பாத்தாலே குலை நடுங்கணும்" என்றார்கள்.

என் வாழ்நாளில் நான் நடுங்கிய பல் எது என்று நேர்மையாக யோசித்தேன்.

இந்த ரஸ்மின் என் கணவரின் தங்கை. ஒரே வளவில் இருக்கிறோம். லாவார்க் கறியில் உப்பில்லை, படையல் தட்டு கோணல், உன் குரலில் சுருதி இல்லை அண்ணி, எல்லாம் அந்தப் பற்களின் வழியாக வந்தவைதான். கோயில் திருவிழாவில் முன்பாட்டு அவள், பின்பாட்டு நான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதியம் பல்செட்டைக் கழற்றிச் சிரட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குவாள். எடுத்தேன், அச்செடுத்தேன், கழுவித் திரும்பப் போட்டேன். சாயங்காலம் அதே பல்லோடு என் காபியைக் குறை சொன்னாள். சேதம் ஏதுமில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்.

மழைதான் கெடுத்தது. ஈரக்காற்றில் ரெசின் நுரைத்துவிடும். வார்த்த பல்லெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை. ஊர்வலத்தன்று, மேலத்தெருப் பூதத்துக்குக் கண் உருளுகிறது என்று கேள்விப்பட்டேன். நம் பூதம் பொக்கைவாயோடு போவதா. அசலையே மாட்டினேன். வெறும் சிரட்டையைப் பார்த்தால் அவள் வருந்துவாளே என்று ஓட்டைப் பல்லை அதில் போட்டு வைத்தேன். தூக்கக் கலக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு அவள் பன்றி சத்தே இறைச்சியைக் கடித்துப் பல்லை நொறுக்கிக்கொண்டது என் குற்றமல்ல.

போட்டியில் நம் பூதம்தான் ஜெயித்தது. அந்தச் சிரிப்பைக் கண்டு நடுவரே ஓரடி பின்வாங்கினார். நீங்களும்தான்.

ஊர்வலம் முடிந்து வழக்கம்போல் பூதத்தை எரிக்குமுன் பல்லைக் கழற்றிவிடும் எண்ணம் எனக்கு இருந்தது. அதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் பையன்கள் கேட்கவும் கேட்டார்கள்.

"அத்தை, எதையாச்சும் கழட்டணுமா?"

"ஒண்ணுமில்லப்பா. தீயை வைங்க."

அப்படிச் சொன்னதற்குக் காரணம், மழை வரும்போல் இருந்தது. நனைந்தால் பூதம் சரியாக எரியாது.

நேற்று ஊரே மௌனம். எங்கள் வளவில் கொஞ்சம் கூடுதல். நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "புதுசு கட்ட டென்பசார் போகணும். பௌர்ணமித் திருவிழாவுக்குள்ள ஆகாது. பல்லில்லாம ரஸ்மின் எப்படிப் பாடும்? இந்தத் தடவை முன்பாட்டு கெர்த்தியே பாடட்டும்."

"என்ன செய்யறது தலைவரே, சாம்பல்ல பல்லு முளைக்குமா? ஊருக்காகப் பாடறேன்" என்றேன். என் கண்கூடக் கலங்கியது.

ரஸ்மின் அழவில்லை. முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை வருஷத்தில் இல்லாத மென்மையோடு கேட்டாள்.

"வெயில் நல்லா அடிக்குது அண்ணி. அந்த அச்சு எங்க?"