முதல் குண்டு

— ‘சிட்டு, முதல் குண்டு உனக்குத்தான்’ம்பார் அப்பா. ‘நான் வேண்டாம்ப்பா, ஆர்விட் சுடட்டும்’னு நான் பின்வாங்குவேன். ‘என் பொண்ணு சுடாம இந்த வீட்டுல வேற யாரும் துப்பாக்கியத் தொடக்கூடாது’ம்பார். எனக்குத் தலைகால் புரியாது. இந்த எண்ணெய் வாசனை பட்டா இன்னைக்கும் அவர் குரல்தான் கேக்குது, ஆர்விட்.

— நீ சுட்டு முடிச்சதும் தரையணில் பின்னங்கால்ல எழுந்து நின்னு உன்னையே பாக்கும். அது ஞாபகம் இருக்கா, தோரா?

— இல்லாம? கைதட்டினாக்கூட வளைக்குள்ள ஓடிடும், என் குண்டுக்கு மட்டும் ஓடாது. அப்பா சிரிப்பார், நீயும் சிரிப்ப. அப்புறம் நீ சுடுவ. அது சுருண்டு விழும்.

— சரி விடு. காப்பி ஆறுது, குடி.

— காத்து வேற இப்படி அடிக்குது. ஏப்ரல்ல இந்தப் புல்வெளியில வந்து உக்காரணும்னு யாருக்குத் தோணும், உன்னைத் தவிர? நாளைக்கு வர்றாரே டென்வர்காரர், அவருக்குப் பண்ணை வேணுமா, இந்தப் பழைய துப்பாக்கி வேணுமா?

— ரெண்டும் வேணுமாம். வீட்டைச் சுத்திப் பாக்க வந்தப்போ சுவத்துல மாட்டியிருந்ததைப் பாத்துட்டார். இந்த மாதிரிப் பழசுன்னா அவருக்குப் பைத்தியம். ‘இதையும் சேத்துக் குடுங்க’ன்னார். கையெழுத்து ஆனதும் இதே மேசையில உக்காந்து சுட்டுப் பாக்கணுமாம். கோணலாப் போச்சுன்னா மானம் போயிடும்.

— தங்கச்சி அத்தனை வருஷம் கோணலா சுட்டதுல போகாத மானமா?

— உன்கிட்ட வாய் குடுத்து யாரு ஜெயிக்கிறது.

— என்னைக் கூப்பிட்டது கையெழுத்துக்கு. அம்மா அவங்க பாதிய என் பேர்ல எழுதி வச்சதால நான் போட்டாத்தான் விக்க முடியும். சரி, போடறேன். அதுக்கு ஒரு நாள் முன்னாடியே வரச் சொன்ன. வந்தா சமையல்கட்டு மேசை முழுக்கத் திருகாணியும் மரத்தூளும். என்னதான் பண்ணின இதை?

— பாரு, குழலுக்கு அடியில இந்த மரக்கட்டை இருக்கே, ஈரமும் வெயிலும் பட்டுப் பட்டு உள்ள வீங்கிப் போச்சு. குழலை இடது பக்கத்திலேருந்து நெருக்கிக்கிட்டு நின்னுது. ரெண்டு மூணு சுட்டா குழல் சூடாகும், கட்டை அதைத் தள்ளும், குண்டு வலப்பக்கம் நகர ஆரம்பிக்கும். உள்பக்கம் முழுக்கச் சுரண்டி விட்டேன். இப்ப ஒரு டாலர் நோட்டை நடுவுல விட்டா முனையிலேருந்து இதுவரைக்கும் தடையில்லாம ஓடுது. குழலை எதுவும் தொடல.

— பனிக்காலம் முழுக்க அதுதான் வேலை. நான் போன் பண்ணினா எடுக்க நேரமில்ல.

— அதோட விட்டனா. அடியில இருக்கிற முன் திருகாணி யாரோ மாத்தினது. நீளம் ஜாஸ்தி. முறுக்கினா முறுக்கின மாதிரி இருக்கும், ஆனா பிடிச்சிருக்காது. அதைத் தேய்ச்சுச் சின்னதாக்கினேன். குழலோட வாய் விளிம்புல ஒரு வடு இருந்துது, நகத்தை வச்சா தட்டுப்படும். குண்டு கடைசியாத் தொடற இடமில்லையா அது? லூயிஸ்டவுனுக்குக் கொண்டுபோய்க் கடைஞ்சு வாங்கிட்டு வந்தேன்.

— பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்திருந்தா அவளுக்கு இதுல பாதி பண்ணியிருப்பியா?

— இருந்திருந்தா பாத்திருக்கலாம்.

— உன்னைக் கட்டிக்கறதா இருந்த கோரின் போர்ட்லண்டுக்கு பஸ் ஏறினப்போ நீயும் ஏறியிருக்கணும். ‘மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்’னு சொல்லிட்டியாமே?

— அப்பா சொன்னார். நான் சொல்லல.

— ரெண்டும் ஒண்ணுதானே, நீ வாயை மூடிக்கிட்டிருந்தா?

— சரி விடு. அந்தத் தொலைநோக்கிய எடு. வேலியோரம் அட்டை நட்டிருக்கேன் பாரு, நடுவுல கறுப்புப் பொட்டு. எங்க விழுதுன்னு சொல்லு. காதை மூடிக்க.

— ம். சுடு.

— எங்க?

— மேல போயிருக்கு. வலப்பக்கம், அட்டையோட ஓரத்துல. உன் பனிக்காலம் வீணாப் போச்சு, ஆர்விட்.

— அது கணக்கில்ல. பாரு இப்ப.

— நடுவுல. பொட்டுக்கு ஒரு விரல் கீழ.

— இது?

— அதே இடம். ஒட்டிக்கிட்டு இருக்கு.

— இது?

— காணோம். இரு... காணோம் இல்ல, ரெண்டு ஓட்டையும் சேந்து ஒண்ணாயிடுச்சு.

— கடைசி.

— அதே ஓட்டை. சரிதான், ஒத்துக்கறேன். நிஜமாவே சரிபண்ணிட்ட. டென்வர்காரர் துப்பாக்கியக் கட்டிப்பிடிச்சுத் தூங்குவார். ஆனா அந்த முதல்ல போனது என்ன? அவர் சுடும்போதும் அப்படிப் போச்சுன்னா?

— போகாது. அவர் வர்றதுக்கு முன்னாடி நானே ஒண்ணு சுட்டு வச்சிடுவேன். நேத்து ராத்திரி குழலைத் துடைச்சு எண்ணெய் போட்டு வச்சேன், அதான். துடைச்ச குழல்ல முதல் குண்டு எண்ணெய்க்குத்தான். எண்ணெய் எரிஞ்சு, லேசாக் கரி படிஞ்சப்புறம்தான் இது ஒரு நிலைக்கு வரும்.

— நீ கட்டைய நோண்டினதாலயா?

— இல்ல, இது வாங்கின நாளிலேருந்தே அப்படித்தான். ‘முதல் குண்டு எண்ணெய்க்கு’ன்னு அப்பாதான்...

— ஏன் நிறுத்திட்ட?

— ஒண்ணுமில்ல. காப்பி இன்னும் இருக்கா?

— அப்பாதான் என்ன?

— தோரா.

— அப்பாதான் உனக்குச் சொல்லிக் குடுத்தார். முதல் குண்டு எண்ணெய்க்கு. அதானே?

— ஆமா.

— எனக்கு என்ன சொன்னார்னு இப்பத்தான் உன்கிட்ட சொன்னேன். முதல் குண்டு என் சிட்டுக்கு.

— ஆமா.

— துடைச்சு வைக்கிறது யாரு அப்பல்லாம்?

— நான்தான். சனிக்கிழமை சாயங்காலம்.

— சனிக்கிழமை நீ எண்ணெய் போடுவ. ஞாயித்துக்கிழமை சர்ச்லேருந்து வந்ததும் அவர் அதை என் கையில குடுப்பார். நான் சுடுவேன், தப்பும். ‘பரவால்ல, இப்ப அண்ணன்கிட்ட குடு’ன்னு வாங்கிக்குவார். ஒரு தடவையாவது நான் ரெண்டாவது சுட்டிருக்கேனா?

— ஞாபகமில்ல.

— இருக்கு உனக்கு.

— இல்ல. நீ சுட்டதில்ல. நீயும் கேக்கலையே, தோரா.

— எப்படிக் கேப்பேன்? நல்லதை எனக்குக் குடுத்துட்டு மிச்சத்தைத்தான் நீங்க எடுத்துக்கறீங்கன்னு இருந்தேன் நான். முதல் பங்கு கிடைச்சவ போய் ரெண்டாவது பங்கும் வேணும்னு நிப்பாளா?

— அப்பா கெட்ட எண்ணத்துல பண்ணல. அதை மட்டும் நம்பு.

— வேற எந்த எண்ணத்துல பண்ணினார்? சொல்லு, கேட்டுக்கறேன்.

— பாரு, தோட்டாவெல்லாம் நாமளே மருந்து அளந்து நிரப்பினது. ஒவ்வொண்ணும் அவருக்குக் காசு. ஒண்ணைச் சும்மா மண்ணுல விடறதுக்கு மனசு வரல. உன்கிட்ட குடுத்தா நீ சந்தோஷப்படுவ. குழலும் சூடாகும், பொண்ணுக்கும் செல்லம் குடுத்த மாதிரி ஆச்சு. அவ்வளவுதான் அவர் யோசிச்சது.

— சிக்கனம்.

— அப்படித்தான் வச்சுக்க.

— வஞ்சமா ஏதாவது இருந்திருந்தாக்கூட மனசு ஆறும், ஆர்விட். ஒரு தோட்டாவ மிச்சம் பிடிக்கவா?

— அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. போகப் போக அவரே நம்ப ஆரம்பிச்சுட்டார். ‘தோராவுக்குக் கை நிக்காது’ன்னு பக்கத்துப் பண்ணைக்காரங்ககிட்ட சொல்வாரே, அது பொய்யில்ல. எண்ணெயை மறந்துட்டார். தப்பினது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்துது.

— நீ மறக்கல.

— நான் மறக்கல. வாரா வாரம் துடைக்கிறவன் எப்படி மறப்பான்?

— க்ளோவர்.

— அந்தக் குதிரைய இப்ப எடுக்காத, தோரா.

— எடுப்பேன். ஓடைக்கரையில முள்கம்பியில மாட்டி, முன்னங்கால் முறிஞ்சு கிடந்துது. இதே துப்பாக்கி வண்டியில இருந்துது, தோட்டாவும் இருந்துது. இந்த மேசைக்கும் புல்லுல இருக்கிற அந்தக் காப்பி ஃபிளாஸ்க்குக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் எனக்கும் க்ளோவருக்கும். நான் கையில எடுத்தேன். எடுத்துட்டு, எனக்குத் தப்பிடும், பாதி உசிரோட துடிக்க விட்டுடுவேன்னு கீழ வச்சுட்டேன். வச்சுட்டு உன்னைத் தேடி ஓடினேன். நீ மேட்டுக்கு அந்தப் பக்கம் வேலி கட்டிட்டிருந்த. நாம திரும்பி வர்ற வரைக்கும் அது எழுந்திருக்கப் பாத்துட்டே இருந்திருக்கு. கம்பி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்துது.

— தெரியும். முடிச்சு வச்சது நான்தானே.

— அவ்வளவு கிட்டத்துல எண்ணெய் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தப்பியிருக்குமா?

— தப்பியிருக்காது.

— அன்னைக்குச் சாப்பிடும்போது அப்பா கோபப்படக்கூட இல்ல. ‘ஒரு ஜீவனோட வலியை முடிக்க முடியாதவளுக்கு இது இடமில்ல, சிட்டு. பில்லிங்ஸ்ல உங்க அத்தை வீட்டுக்குப் போ, டைப்பிங் கத்துக்க’ன்னார். எனக்கு அது சரின்னுதான் பட்டுது. அதனாலதான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நீ எதிர்ல உக்காந்து உருளைக்கிழங்கு பிசைஞ்சிட்டிருந்த.

— ஆமா.

— அப்ப வாயத் தொறந்திருந்தா?

— தொறக்கத்தான் நினைச்சேன். அவர் ஒரு துண்டுக் கறிய எடுத்து என் தட்டுல வச்சு, ‘நீ இருக்கும்போது எனக்கென்ன’ன்னார். அதுக்கப்புறம் வரல.

— ஒரு துண்டுக் கறி.

— ஆமா.

— தோட்டாவுக்கு ஒரு துண்டுக் கறி ஈடு. நல்ல குடும்பம் நமக்கு.

— நீ என்ன வேணாலும் சொல்லு, கேட்டுக்கறேன்.

— நான் பில்லிங்ஸ்ல கார் ஓட்டக் கத்துக்கவே அஞ்சு வருஷம் ஆச்சு, தெரியுமா? கை நிக்காதவ ஸ்டியரிங் பிடிச்சா யாரையாவது ஏத்திடுவேன்னு பயம். பிள்ளைக்கு முதல் முதலா நகம் வெட்டினது என் வீட்டுக்காரர் ஹாங்க்தான். எனக்கு நடுங்கும்னு நானே சொல்லிட்டேன். ஹாங்க்குக்குக் கடைசியில ஊசி போட வேண்டி வந்துது. நர்ஸ் ஒருத்தி சொல்லிக் குடுக்கறேன்னா. ‘எனக்கு வராதும்மா’ன்னு பக்கத்து வீட்டுக்காரியத்தான் கூப்பிட்டேன்.

— இதெல்லாம் நீ சொன்னதில்ல.

— எதுக்குச் சொல்லணும்? எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, தோராவுக்குக் கை நிக்காது.

— இங்க வந்து உக்காரு.

— எதுக்கு?

— குழல் இன்னும் சூடாத்தான் இருக்கு. எண்ணெய் எல்லாம் எரிஞ்சு போச்சு. இந்தா, ஒண்ணு இருக்கு.

— எனக்கு வேணாம்.

— உக்காரு, தோரா. தோள்ல நல்லா அணைச்சுக்க. கையால பிடிச்சு நிறுத்தாத, அதுவா இந்த மணல் மூட்டை மேல படுத்திருக்கும். விசை லேசு, பாத்து.

— சும்மா இரு. எனக்குத் தெரியும் எப்படின்னு. இத்தனை வருஷம் நீ சுடறதைப் பாத்துட்டுத்தானே இருந்தேன்.

— சரி. நான் தொலைநோக்கியில பாக்கறேன்.

— எங்க?

— வந்து நீயே பாரு.

— சொல்லு. காத்துல போச்சா?

— நாலு குண்டும் ஒரே ஓட்டையில இருந்துதில்ல, அது இப்பக் கொஞ்சம் பெருசா இருக்கு.

— பொய் சொல்லாத.

— பாரு.

— தள்ளு, நான் பாக்கறேன். ஆமா, பெருசாத்தான் இருக்கு.

— கை நடுங்கலையே, தோரா.

— இல்ல, நடுங்கல. வண்டியில இருக்கா பத்திரம்?

— எந்தப் பத்திரம்?

— நான் கையெழுத்துப் போட வேண்டியது. எடுத்துட்டு வா, இப்பவே போட்டுட்டுக் கிளம்பறேன். நாளைக்கு அந்தாள் முகத்துல நான் முழிக்கத் தேவையில்ல.

— நாளைக்குத்தானே...

— இன்னைக்கே. வசந்தம் வந்தா எத்தனை கன்னு பொறந்துதுன்னு ஒவ்வொரு வருஷமும் உனக்குப் போன் பண்ணிக் கேட்டேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும். பிச்சைக்காரி மாதிரிக் கேட்டேன். ஓடையில பனி உடைஞ்சுதா, வானம்பாடி வந்துதான்னு. உனக்கு அலுப்பா இருந்திருக்கும்.

— இல்ல.

— ஒரு நாளாவது ‘நான் திரும்பி வரட்டுமா’ன்னு நான் கேட்டதில்ல. கேக்கத் தகுதி இல்லைன்னு இருந்தேன். உனக்கு வேண்டியது உனக்குக் கிடைச்சுது ஆர்விட். மண்ணு, மாடு, அப்பாவோட நாக்காலி. அதை ஆண்டு முடிச்சு, இப்ப வித்துட்டும் போகப் போற. எனக்கு அதுல வருத்தமில்ல. பத்திரத்தைக் கொண்டா.

— சட்டைப் பையிலதான் இருக்கு.

— குடு. பேனா?

— இந்தா.

— எங்க போடணும்? இங்கயா?

— கீழ. உன் பேர் எழுதியிருக்கு பாரு.

— மேசை ஆடுது. அந்தப் பக்கம் பிடிச்சுக்க.

— போடாத, தோரா.

— கையை எடு. என்ன வேணும் உனக்கு?

— கோரின் பஸ் ஏறின நாளிலேருந்து உன்கிட்ட இதைக் கேக்கணும்னு இருக்கேன், வாய் வரல. இந்தப் பண்ணைய நீ எடுத்துக்க. என்னைப் போக விடு.