பன்னிரண்டில் நின்ற முள்

கார்பரேட்டர் வண்டி இழுக்கவில்லை என்றால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள், பெட்ரோல் போதவில்லை என்று. பெட்ரோல் அதிகமாகப் போனாலும் வண்டி கெடும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்கிறது ஐயா.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினார்கள். வண்டி எரிந்ததற்குக் காரணம் மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். என் பட்டறையில் ஒரு நட்டைக்கூட நான் கவனக்குறைவாக முடுக்கியதில்லை.

வண்டி என் தங்கை வீட்டுக்காரருடைய பழைய கார். மாப்பிள்ளைக்கு வேலை இன்சூரன்ஸ் பிடிப்பது. ஆனால் போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு எனக்கே பாடம் எடுப்பார். கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளை, அந்த ஜெட்டில் அடைப்பு இருந்தால் நான் வாயால் ஊதிப் பார்ப்பேன். அதை வைத்து எனக்கு 'ஊதி' என்று பேர் வைத்தவர் அவர்தான். இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மேட்டில் ஏறும்போது திணறுகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். பெட்ரோல் லைனில் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டினேன். சும்மா ஓடும்போது நாலு பவுண்டு, அந்த வண்டிக்கு அது சரி. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒன்றுக்கு இறங்கியது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி வழியை அடைத்திருந்தது. அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

"ஹோஸா? ஊதிக்கு ஊதத்தானே தெரியும். பம்பு வீக்கா இருக்கு மச்சான். பெருசா போடுங்க, சும்மா பிச்சுக்கிட்டுப் போகணும்."

பட்டறையில் நின்ற பெயிண்டரும் பக்கத்து டயர் கடைக்காரரும் சிரித்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த என் தங்கையும் சிரித்தாள். அவளுக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கிவிட்டவன் நான்.

ஹோஸை மாற்றினேன். தொழிலில் குறை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வண்டி அத்தோடு சரியாகிவிட்டது. பிறகு அவர் கேட்டபடி பெரிய பம்பையும் மாட்டினேன், வேறு ரக வண்டிக்கு உண்டானதை. கேஜில் முள் பன்னிரண்டில் போய் நின்றது. கார்பரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி வால்வு அதில் பாதியைத்தான் தாங்கும். மிச்சம் வழிந்து, கொதிக்கிற இன்ஜின் மேல் விழும். முள்ளை இரண்டு தடவை பார்த்தேன். அப்புறம் கேஜைக் கழற்றித் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நான் சொன்னேன்ல?" என்றார்.

"நீங்க சொன்னா தப்பா இருக்குமா மாப்பிள்ளை?" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, வண்டியில பெட்ரோல் வாடை குமட்டுது. புது பம்புன்னா அப்படித்தான் இருக்கும்ங்கிறார். மலைக்குக் கிளம்பறோம், ரெண்டு பேரும். நீ என்ன சொல்ற?"

"அதான் அவரே சொல்லிட்டாரே."

"அவரை விடு. நீ சொன்னாத்தான் நான் ஏறுவேன்."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கண்முன் வந்தது. ஏறும்மா, ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன்.

மீதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. பாதி மலையில் தீப்பிடித்தது. மாப்பிள்ளை குதித்துவிட்டார், கை மட்டும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் பிழைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். தங்கையால் கதவைத் திறக்க முடியவில்லை.

ஆகவே தெரிந்தே செய்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கை மேல் பாசம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாடை அடித்தால் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லித்தான் போனை வைத்தேன்.