கறையில் பூத்த வட்டம்

முன்னிலை: இன்றோடு ஓய்வு பெறும் பூங்காக் கண்காணிப்பாளர். முன்வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் அவர் கணவர். நாளை முதல் பூங்காவின் பொறுப்பை ஏற்கவிருக்கும் மரபுக் குழுச் செயலாளர். தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் அண்ணன். களை எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும். தூங்கப் போகாமல் வந்திருக்கும் இரவுக் காவலர்கள். வராதவர் யாருமில்லை.

புதரைப் பூங்காவாக்கிய பெருமாட்டியே! கத்திரி பிடித்த கையால் காட்டையே கட்டி ஆண்ட கண்காணிப்பாளரே! இப்படித் தொடங்கி, முகத்துக்கு நேரே 'தாங்கள், தாங்கள்' என்று பாடுவதுதான் பிரிவு வாழ்த்து மடல்களின் வழக்கம். இரண்டாம் வரியிலேயே கண்காணிப்பாளர் அம்மா எழுந்து, குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போய்விடுவார். ஆகவே அவரை 'அவர்' என்றே சொல்கிறோம். அவருக்குக் கேட்டால் போதாது, இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் உரக்கப் படிக்கிறோம்.

அவர் வந்தபோது இந்தப் பழம்பெரும் பூங்காவில் பழமை மட்டும்தான் மிச்சமிருந்தது. நீரூற்றில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். நடைபாதை எங்கே ஓடுகிறது என்பது பாம்புகளுக்குத்தான் தெரியும். பூங்காவை உருவாக்கியவர்கள் வரைந்த படத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் வாங்கி, கருவி அறைச் சுவரில் ஒட்டினார் அம்மா. கோடு போன இடமெல்லாம் பாதை போட்டோம். புள்ளி வைத்த இடமெல்லாம் மரம் நட்டோம். மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் தடித்த வட்டம் ஒன்று தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தது.

"இது பூப்பாத்தி. அந்த இடைவெளி உள்ள போற வழி" என்றார். முளை அடித்து, கயிறு கட்டிச் சுற்றி, அறுந்த இடத்தை விட்டுவிட்டுத் தோண்டினோம்.

டேலியாவும் உயரச் சாமந்தியும் நெஞ்சளவு வளர்ந்தன. நடுவில் ஒரு பெஞ்சு போடச் சொன்னார். எதிரே இருப்பது பெரிய மருத்துவமனை. அங்கே கேட்கக்கூடாத செய்தியைக் கேட்டவர்கள் சாலையைக் கடந்து வந்து அந்தப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்துவிட்டால் வெளியே முகம் தெரியாது. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அறுந்த இடம் வழியாக வெளியே வருவார்கள். வருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காதது போல வேலை செய்ய எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அம்மாதான்.

போன வருடம் செயலாளர் மூலப் படத்தையே பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார். வட்டம் பழுப்பாக இருந்தது.

"மேடம், இது பாத்தியே இல்ல. டீக் கறை. யாரோ கப்ப வெச்சிருக்காங்க."

அம்மா குனிந்து பார்த்தார். "ஆமா, கறைதான்."

"அப்ப எடுத்துட்டுப் புல்லு போட்டுடலாம்ல?"

"ஏன் சார்?"

"மூலத்துல இல்லையே!"

"மூலத்துலதான் இருக்கு. இப்பதானே விரல வெச்சுக் காட்டுனீங்க."

அங்கே அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, கருவி அறைக்கு வந்து மண்வெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோது அவர் காது சூடாகியிருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் போட்ட கோணல் வரப்பை நிமிர்த்தியவர், ஒரு கறையை நம்பி நிலத்தைக் கிளறியிருக்கிறார். குழாய் அண்ணனிடம்தான் வாய்விட்டுச் சொன்னார்.

"ஒரு கறைக்காக உங்க முதுக ஒடிச்சேனே, அண்ணே."

"எங்க முதுகு ஒடிஞ்சது போகட்டும். அந்தப் பெஞ்சுல நாளைக்கு யாரு வந்து உக்காருவாங்கன்னு யோசிங்க."

அம்மா யோசித்தார். பிடுங்கச் சொல்லும் உத்தரவு மறுநாளே அவர் கையெழுத்துக்கு வந்தது. "தப்பு என்னோடதுதான். ஒத்துக்கிறேன். ஆனா எடுக்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். திட்டு வந்தது. விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வு போயிற்று. வட்டம் நின்றது.

செயலாளர் ஐயா சொன்னதில் பொய்யில்லை. அது கறைதான். அம்மா இன்று போவதற்காகவே நீங்கள் காத்திருந்தீர்கள் என்பதும், நாளைக் காலை எங்களையே தோண்டச் சொல்லப் போகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். இப்போதே சொல்லிவிடுகிறோம். அந்த வட்டத்தில் களைக்கொத்து படும், கடப்பாரை படாது. விளக்கம் கேளுங்கள், கொடுக்கிறோம். சம்பளத்தைப் பிடியுங்கள், வயிற்றைக் கட்டிக்கொள்கிறோம். தோண்ட மாட்டோம்.

அம்மாவுக்கு எங்கள் பரிசு ஒரு டீக் கோப்பை. சாஸர் கிடையாது, வேண்டுமென்றேதான். அதைக் கேட்டதும் அவர் கணவர் முனகப்போவது எங்களுக்கு இப்போதே கேட்கிறது: "மேஜைல வட்டம் விழுந்தா எனக்குல்ல திட்டு விழும்!" விழட்டும், மாமா. உங்கள் வீட்டு மேஜை நிறைய வட்டம் விழட்டும். முட்டி வலி அண்டாமல், கண் மங்காமல், கோபம் குறையாமல் அவர் நெடுங்காலம் வாழட்டும். நினைத்தபோதெல்லாம் இங்கே வந்து, எங்கள் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் மேற்கு வாசல் வழியாகத்தான் அவர் போவார். வட்டத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிற்பார். நின்றால், அவர் சொல்லிக் கொடுத்தபடியே, பார்த்தும் பார்க்காதது போல இருப்போம். அவர் வெளியே கால் வைத்ததும் கதவைச் சாத்துவோம். உள்ளே நாங்களும் வட்டமும். பூட்டுவோம்.

சாவியோடு,
தோட்டப் பிரிவு ஊழியர்கள்